கேட்டைத் தாண்டாத பம்பர்

ஞாயிறு இரவு, மலேசியாவின் யோங் பெங்.

என் ஸ்போர்ட்ஸ் காருக்கு வாங்கிய புது முன் பம்பரை, ஒர்க்ஷாப்புக்குப் போகாமல் நானே மாட்டிவிட்டேன். இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. என் மனைவி திலகாகூட, "அழகாத்தான் இருக்கு லா" என்றாள்.

பிறகு வண்டியை வெளியே எடுத்தேன். கேட்டுச் சரிவில் இறங்கும்போதே பம்பரின் அடி சிமெண்டில் உரசியது. பழையதைவிட இது நாலு விரல் தாழ்வு. அதை அளக்கத் தோன்றவே இல்லை.

"கழட்டிருங்க. நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவீங்க?" என்றாள் திலகா.

"இதுலதான் போவேன்."

கழற்றுவதாக இல்லை. சக்கரத்துக்கு அடியில் கனமான பலகை போட்டால் முன்பக்கம் உயரும், உரசாது. வீடெல்லாம் தேடியும் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. திலகா தூங்கிவிட்டாள். அவள் படுத்திருக்கும் இந்தக் கட்டிலில் மெத்தைக்கு அடியில் ஆறு பலகைகள் இருக்கின்றன. எனக்கு இரண்டு போதும்.