சோளத்துக்கு வேண்டாத வாயு

மார்ச் 3

அன்புத் தங்கச்சிக்கு,

அம்மா கைத்தடி இல்லாமல் நடக்கிறாள். உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எழுதினால் கை தேய்ந்துவிடுமா உனக்கு?

ஒரு காரியம். பசுமைக்குடில்களுக்குள் கரியமில வாயு விடும் இயந்திரம் விற்கிறேன் அல்லவா? மக்காச்சோளக்காரர் ஒருவர் ஒன்றை மாட்டிவிட்டார், மற்றக் குடில்களுக்கும் கேட்கிறார். நீ அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் உன் ஆய்வுக்கூடச் செடிகளை நான்தானே பார்த்துக்கொண்டேன்? அப்போது எடுத்த படத்தைக் காட்டினேன். வாயு கூடுதலாக விட்ட அறையில் சோளம் பச்சைப்பசேல், சாதாரண அறையில் வாடி வதங்கல். மனிதர் மயங்கிவிட்டார். ஆராய்ச்சி செய்தவர் கையெழுத்தோடு இரண்டு வரி வேண்டுமாம். உடனே அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நடப்பதை நினைத்தாலே தெம்பாக இருக்கிறது. கையெழுத்து மட்டும் கிடையாது, கோபிக்காதீர்கள்.

வாயு கூடினால் நான் சோளத்தோடு வளர்க்கும் அவரைச் செடியில் ஒளிச்சேர்க்கை கூடுகிறது, காய்ப்பும் கூடுகிறது. நெல், கோதுமையும் அந்த வகைதான். சோளம் வேறு. இருக்கிற கொஞ்ச வாயுவையே பிடித்து இலைக்குள் திரட்டி வைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்தவர் தட்டில் மேலும் சோறு வைத்து என்ன பயன்?

பிறகு அந்தப் படம் எப்படி? சோளத்துக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா? "அது காஞ்சாலும் தாங்கும், அவரைக்கு ஊத்துனா போதும்" என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. வாயு கூடுதலாக இருந்தால் இலைத்துளைகள் கொஞ்சம் மூடிக்கொள்ளும், தண்ணீர் மிச்சமாகும். அதனால்தான் அந்த அறைச் சோளம் தாக்குப்பிடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் இரண்டு அறையிலும் ஒழுங்காகத் தண்ணீர் விட்டு மறுபடி வளர்த்தேன். வித்தியாசமே இல்லை. தண்ணீருக்குக் குறைவில்லாத குடிலில் உங்கள் இயந்திரம் வீண். அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அன்புத் தங்கை

மார்ச் 14

தங்கச்சிக்கு,

ஊற்றவில்லைதான். அதனால் என்ன குடி முழுகிவிட்டது? என் பிழைப்பில் மண்ணைப் போடாதே. உன்னைப் படிக்க வைத்தவன் நான். கையெழுத்துப் போடாவிட்டால் இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.

அண்ணன்

மார்ச் 18

அண்ணா,

எழுத வேண்டாம் என்றீர்கள், எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். ஆனாலும் மனம் மாறவில்லை. அது என் ஆய்வுக்கூடத்துப் படம், அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. மாதக் கடைசிக்குள் நீங்கள் சொல்லாவிட்டால் நானே அவரைப் போய்ப் பார்ப்பேன். அதற்குப் பிறகு நீங்கள் என் முகத்தில் விழிக்காமல் போனாலும் சரி.

தங்கை

மார்ச் 27

அன்புத் தங்கச்சிக்கு,

உன் மேல் வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனாலும் நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் இயந்திரத்தைக் கழற்றி என் வண்டியிலேயே ஏற்றிவிட்டார். உட்காரக்கூடச் சொல்லவில்லை. மாட்டுவதற்கு முன்பே விசாரித்திருக்கக் கூடாதா என்று கேட்டார். "கேட்டிருந்தா என் தங்கச்சி அப்பவே சொல்லியிருப்பா. நான்தான் கேக்கல" என்றேன். அதைச் சொல்லும்போது தலை குனிந்தது, நெஞ்சு லேசானது.

திரும்பும் வழியில் வெள்ளரி போட்டிருக்கும் ஒருவர் வண்டியை நிறுத்தி, அது என்ன இயந்திரம் என்று விசாரித்தார். வழக்கமாக அந்த இடத்திலேயே விற்றிருப்பேன். வெள்ளரி எந்த வகை, அவரைச் செடி மாதிரியா, சோளம் மாதிரியா? உன் பதில் வரும்வரை அவரிடம் வாய் திறக்க மாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்