தம்பியின் சிறுமூளை

டிசம்பர் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். அரையாண்டு விடைத்தாள் கட்டைப் பிரிக்க உட்கார்ந்தேன். சொந்த ஊர் பிரம்மதேசத்திலிருந்து போன். கூடப் பிறந்த தம்பி ஏழுமலையின் மனைவி தேவகி. "அண்ணி, அவரு நேரா நிக்க மாட்டேங்கிறாரு. இடது பக்கமாவே சாஞ்சிக்கினு போறாரு. வாந்தி வேற. ஜல்தியா வாங்க."

திண்டிவனத்தில் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். மல்லாட்டை பயிரிட்ட கொல்லை வரப்பில் விழுந்தவனைத் தூக்கி வந்திருந்தார்கள். வாசலில் கூட்டம். "காலங்காத்தாலயே ஊத்திக்கினான் போல." யாரோ. ஏழுமலை குடிக்கிறவனே இல்லை. பேச்சு குழறல். மருந்துக்கடையில் பித்தம் என்று மாத்திரை கொடுத்தார்களாம்.

"என் விரலத் தொடுடா." இடது கை என் விரலைத் தாண்டிப் போய்க் காற்றைத் தொட்டது.

வருஷா வருஷம் பத்தாம் வகுப்புக்கு நடத்துகிறேனே. சிறுமூளை: உடல் சமநிலை, தசைகளின் ஒத்துழைப்பு. ஆம்புலன்ஸ். நேராக விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரி.

டிசம்பர் 10, செவ்வாய்

ஸ்கேன் பார்த்துவிட்டார்கள். இடது சிறுமூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. டாக்டர் சின்னப் பெண். தன் பின்னங்கழுத்துக்கு மேலே கையை வைத்துக் காட்டினார்.

"பின்மண்டையில கொஞ்சம்தான் இடம்ங்க. பின்னால சிறுமூளை, முன்னால மூளைத்தண்டு. நடுவுல மூளைத் தண்ணி போற வழி. சிறுமூளை வீங்குனா அந்த வழி அடைச்சிக்கும், தண்டையும் நெருக்கும். ரெண்டு மூணு நாள் கவனமா பாக்கணும். எழுப்புனா எழுந்திருக்கணும். இல்லன்னா உடனே கூப்பிடுங்க."

மூளைத்தண்டு. நடுமூளை, பான்ஸ், முகுளம். மூச்சு, இதயத் துடிப்பு, விழுங்குதல். போர்டில் கட்டைவிரல் நீளத்துக்கு வரைந்து, பெயர் எழுதி அழித்துவிடுவேன். இரண்டு மதிப்பெண் கேள்வி.

தேவகி ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தாள். புரையேறி முகமெல்லாம் சிவந்துவிட்டது. நர்ஸ் ஓடி வந்தார். "வாயில எதுவும் குடுக்காதீங்கம்மா! டியூப் போடற வரைக்கும் ஒண்ணும் கூடாது." விழுங்குவதும் முகுளம்தானே? டாக்டரிடம் கேட்கவில்லை. பயம்.

பாய், பிளாஸ்க், தேவகிக்கு மாற்றுப் புடவை. ஹெச்.எம்.முக்கு லீவு சொல்லணும். மாடு: பக்கத்து வீட்டில் சொல்லியாச்சு.

டிசம்பர் 11, புதன்

மழை வலுத்துவிட்டது. அவன் கண்ணை மூடினாலே எனக்குப் பதறுகிறது. தட்டி எழுப்பிப் பெயர் கேட்கிறேன். "யக்கா... பேஜாரு... பண்ணாத." ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து. திட்டினானே, போதும். வெளியே போய் டீ குடித்தேன். பாதி டம்ளரிலேயே திரும்பி ஓடி வந்துவிட்டேன்.

டிசம்பர் 12, வியாழன்

விடிந்ததும் கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை. கிள்ளினேன். முனகல் மட்டும். கத்தினேன் போலிருக்கிறது, வார்டே திரும்பிப் பார்த்தது.

மறுபடி ஸ்கேன். வீக்கம் கூடிவிட்டது. தண்ணீர் வழி அடைபட்டுவிட்டது. உடனே ஆபரேஷன், தேவகி கையெழுத்துப் போட வேண்டும்.

பேனாவைப் பிடித்தபடியே நின்றாள். "அண்ணி, மூளைய வெட்டிடுவாங்களா? அப்புறம் என்ன யாருன்னே தெரியாம பூடுமா அவருக்கு?"

"நெனப்பெல்லாம் மேல இருக்குது தேவகி, பெரிய மூளையில. இது பின்னால கீழ. எலும்ப எடுத்து இடம் பண்ணித் தருவாங்க, கெட்டுப்போனத எடுப்பாங்க. நடக்கறதுதான் மறக்கும் அவனுக்கு. உன்ன மறக்க மாட்டான்."

என்னை நேராகப் பார்த்தாள். "பாடத்துல இருக்குதா அண்ணி இது?"

"இருக்குது."

போட்டாள். மூளைத்தண்டைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியிருந்த நேரமெல்லாம் எனக்குள் ஒரே சொல். முகுளம், முகுளம். சாமி பேர்கூட வாயில் வரவில்லை.

மாலை டாக்டர் வந்தார். "வீக்கத்துக்கு இடம் கெடச்சிருச்சு. மூச்சு மெஷின்லதான் இருக்காரு. பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம்?

டிசம்பர் 14, சனி

மெஷினை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறான். கண்ணாடிக்கு வெளியிலிருந்து அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தேவகி இட்லி வாங்கி வந்தாள். நேற்று என்ன சாப்பிட்டோம், ஞாபகமில்லை.

டிசம்பர் 18, புதன்

வெயில். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இன்னும் மூக்கில் டியூப்தான். பிசியோதெரபி பையன் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தான். விட்டதும் இடது பக்கம் சரிந்தான். மறுபடி வைத்தான், மறுபடி சரிந்தான். ஏழுமலைக்கு அழுகை. உழவு ஓட்டிய ஆள்.

"நாளாகும்ங்க. பழகப் பழக வரும்," என்றான் பையன். எவ்வளவு வரும் என்று சொல்லவில்லை.

தேவகி கட்டிலில் ஏறி ஏழுமலைக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். தோளோடு தோள். "சாயேன், நான் என்னா உடைஞ்சா பூடுவேன்?"

சாய்ந்தான். விழவில்லை. சாப்பாட்டு வண்டி வரும்வரை இருவரும் அப்படியே.