பத்தொன்பது தாளிலும் ஒரே வரி

அன்னவாசல்,
ஆவணி 2, திங்கள்கிழமை.

அன்புள்ள மகன் அரவிந்த்குமாருக்கு அம்மா சுகுணா சொல்ல, உன் தங்கை தேவிப்ரியா எழுதுவது. இங்கே அப்பா, நான், தேவி மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். முன்பின் தெரியாத மெக்சிகோவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக் குறையில்லாமல் இருக்க வேண்டும். போனில் எதைக் கேட்டாலும் நல்லாருக்கேம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதச் சொன்னேன். தேவி போட்டோ எடுத்து அனுப்புவாள், பொறுமையாகப் படி.

வருகிற பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிட்டு மறுபடி படிக்க அமெரிக்கா திரும்ப வேண்டுமென்றால் புது விசா வேண்டும், பழையது முடிந்துவிட்டது, சென்னையில் தேதி கிடைக்கவில்லை, மெக்சிகோவில் மூன்று நாளில் முத்திரை குத்திவிடுவார்கள் என்று சொல்லி அமெரிக்காவிலிருந்து அங்கே போனாய். இருபத்து நான்கு நாளாகிவிட்டது. உன்னோடு வந்த திருமயத்துப் பையன் சார்லஸுக்கு உடனே குத்திக் கொடுத்துவிட்டார்கள், அவன் கல்லூரிக்கே திரும்பிவிட்டான். உனக்கு மட்டும் விசாரணை இருக்கிறது என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த திங்கள் வகுப்பு தொடங்குகிறது, அதற்குள் வராவிட்டால் அரை வருடம் வீணாகிவிடும் என்று தேவி விளக்கினாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்துவிடுகிறேன். அப்பா கோபமாக இருப்பதால்தான் உன்னோடு பேசவில்லை என்று தேவியிடம் சொன்னாயாம். அது கோபம் இல்லை தம்பி. பாஸ்போர்ட் என் கையில் இல்லை என்று நீ சொன்ன அன்று போனை அப்படியே வைத்துவிட்டு வயலுக்குப் போனவர்தான், அதற்குப் பிறகு என்னோடும் சரியாகப் பேசுவதில்லை. நீ வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது அவர் குவைத்துக்குப் போனார். போன அன்றே முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார். லீவு கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றாராம். அவர் வந்து இறங்கியபோது உனக்கு நாலு வயது. இந்த மாமா எப்பம்மா அவுக வீட்டுக்குப் போவாக என்று என் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

தேவி தன் போனிலேயே பார்த்துச் சொன்னாலும் அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. தினமும் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சரவணக்குமாரின் பிரவுசிங் சென்டர் வாசலில் போய் நிற்கிறார். சொந்த போன் நம்பரையே தப்பாகச் சொல்பவருக்கு உன் விசா நம்பர் முழுவதும் மனப்பாடம். பரிசீலனையில் உள்ளது என்ற ஒரே வரிதான் வருகிறது, அதையும் பிரிண்ட் எடுத்து வாங்கி வருகிறார். மாமா, இது என்ன இலுப்பூர் பஸ்ஸா, வந்து நின்னுக்கிட்டே இருந்தா வாரதுக்கு, வீட்டுக்குப் போங்க, மாறுனா நானே போன் பண்றேன் என்று சரவணக்குமார் சொல்லிப் பார்த்துவிட்டான். இதுவரை பத்தொன்பது தாள் சேர்ந்துவிட்டது. பின்பக்கத்தில் தேவி கணக்குப் போடுகிறாள், இந்தக் கடிதமும் அதில்தான்.

வெளியே வெயிலில் அலையாதே. பழைய சோறு கிடைக்காத ஊரில் தயிராவது வாங்கிச் சாப்பிடு. இரவில் சார்லஸோடு போனில் பேசு, தனியாக யோசித்துக்கொண்டே கிடக்காதே. அப்பாவுக்கு நீயே ஒரு போன் போடு, மறந்துவிடாதே. படிப்பு உனக்குக் கைகூடி வர வேண்டும், உடம்பும் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
சுகுணா

அண்ணே, அம்மா பால் கறக்கப் போன பிறகு அப்பா வந்து முழுவதையும் வாசிக்கச் சொன்னார். குவைத் கதை வந்த வரிகளை அடித்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. கீழே இடமிருந்தால் இதையும் எழுது என்றார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: முத்திரை குத்தாமக் குடுத்தாலும் வாங்கிக்கிட்டு நேரா வீட்டுக்கு வரச் சொல்லுத்தா. வந்தா, எப்பப் போவான்னு நான் கேக்க மாட்டேன்.