பட்டியலில் அப்பாவின் பெயர்

திருச்செங்கோடு
பங்குனி 18

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கு இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை சாமி, அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி கனிஷ்காவும் குளிரிலும் மழையிலும் சௌக்கியமாக இருக்க அர்த்தநாரீசுவரரை வேண்டிக்கொள்கிறேன். போனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லி வைத்துவிடுகிறேன், நீயும் ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருப்பாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை, எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சிவிடுகிறது, ராத்திரிக்கும் அதையே சாப்பிட்டு டிவியை ஓடவிட்டுப் படுத்துக்கொள்கிறேன், வீட்டில் ஏதாவது ஒரு பேச்சுச் சத்தம் வேண்டியிருக்கிறது.

நம் குலதெய்வக் கோயில் குடிபாட்டு மக்கள் பெயர்களையெல்லாம் குடும்பம் குடும்பமாகப் போட்டு வைக்க, கல்யாணத்துக்கு முன்னால் நீ அப்பாவுக்கு ஒரு டேட்டாபேஸ் செய்து கொடுத்தாயே, அதை இப்போது நான்தான் பார்க்கிறேன். அப்பா போன பிறகு கோயில் கமிட்டித் தலைவர் மருதாசலம் வந்து, கம்ப்யூட்டரு உங்க ஊட்டுலதானுங்க இருக்குது, நீங்களே பாத்துக்கோங்க என்று சொல்லிவிட்டுப் போனார். பால் சொசைட்டியில் அத்தனை வருஷம் கணக்கு எழுதியவளுக்கு இதென்ன பெரிய வேலை என்று நானும் நினைத்தேன். அடேயப்பா, அது படுத்துகிற பாடு! கரண்டு போய்ப் பட்டென்று அணைந்துவிட்டால் மறுபடி திறக்கும்போது, இதை வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள், பிறகு வா என்கிறது. இந்த வீட்டில் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், நீயே சொல். பட்டியலுக்குப் பக்கத்தில் அதைப் பூட்டி வைக்கிற சின்னக் கோப்பு ஒன்று நிற்கும், அதை அழித்துவிட்டுத் திறங்க என்று கம்ப்யூட்டர் சென்டர் ஈஸ்வர் சொல்லிக் கொடுத்தான். பட்டியலை வேறு கோப்பாக மாற்றி அச்சகத்துக்கு அனுப்பினால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகப் போய் நிற்கிறது. எதைத் தொட்டாலும் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நின்று சம்மதமா என்று கேட்கும், நானும் படிக்காமலே யெஸ் யெஸ் என்று தட்டிப் பழகிவிட்டேன்.

அந்தப் பழக்கம்தான் மானத்தை வாங்கியது. மாசிப் பொங்கலுக்கு அழைப்பிதழ் அனுப்பும் முன் தவறிப்போனவர்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார் மருதாசலம். ராசிபுரத்துச் சென்னியப்பன் பெரியப்பா பெயரை எடுத்தேன், பெட்டி வந்தது, யெஸ் என்றேன். அவரோடு சேர்ந்து முத்தாயம்மாள் பெரியம்மா, மகன் கந்தவேல், மருமகள் அத்தனை பேரும் பட்டியலை விட்டுப் போய்விட்டார்கள், எனக்கு அது தெரியவே இல்லை. அவர்கள் வீட்டு விலாசம் அச்சாகவில்லை, அழைப்பும் போகவில்லை. வருஷத் திதி முடிந்து இந்தப் பொங்கலுக்குத்தான் கோயிலுக்கு வரலாம் என்று காத்திருந்தார்களாம். பொங்கல் முடிந்ததும் பெரியம்மா நேரே வந்துவிட்டார், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. எங்கூட்டுக்காரரு போயிட்டாருன்னா நானும் போயிட்டனா சென்னம்மா, உனக்குமா அது தெரியாம போச்சு என்று கேட்டார். அப்பா பென்டிரைவில் நகல் எடுத்து வைத்திருந்தார், அதிலிருந்து ஈஸ்வர் அவர்களை மீட்டுக் கொடுத்தான். ராசிபுரம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், காபி கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை.

சித்திரையில் குடிபாட்டுப் புத்தகம் அச்சாகிறது, அதற்குள் அப்பா பெயரையும் எடுக்க வேண்டும். தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். நேற்று முதலில் நகல் எடுத்துவிட்டு அப்பா பெயரை எடுக்கப் போனேன், இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு பெட்டியை முழுசாகப் படித்தேன். இவரோடு சேர்ந்த இன்னொரு பதிவும் போய்விடும், திரும்ப வராது, சம்மதமா என்கிறது. அந்த இன்னொரு பதிவு நான்தான். கல்யாணமானதும் உன் பெயர் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலுக்குப் போய்விட்டது, நீ செய்த பட்டியலில் நீயே இல்லை, அப்பாவுக்குக் கீழே நான் ஒருத்திதான். நோ என்று தட்டிவிட்டு எழுந்து போய்த் துணி மடித்தேன். குடும்பத் தலைவர் இல்லாமல் யார் பெயரும் நிற்கக் கூடாதுன்னு விதி வெச்சிருக்கறேன்மா என்று அன்றைக்கு நீ சொன்னாய், எம் புள்ளைக்கு என்ன அறிவு பாரு என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு. ஆனால் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வேறொருவரைத் தலைவராக்கிவிட்டுப் பிறகு பழைய பெயரை எடுத்தால் மற்றவர்கள் போகமாட்டார்கள் என்று ஈஸ்வர் சொல்லியிருக்கிறான். பெரியம்மா வீட்டுக்குக் கந்தவேல் இருந்தான். நான் யாரைப் போட? என் பெயரையே போட்டேன், அதுவும் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது. குடும்பத் தலைவர் சென்னம்மாள், உறுப்பினர் ஒன்று என்று காட்டுகிறது, அந்த ஒன்றும் நான்தான். தலைவராகிவிட்டேன், அதிகாரம் பண்ணத்தான் ஆள் இல்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். கனிஷ்காவுக்குத் தமிழ் சொல்லிக் கொடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இப்போது அப்பா பெயர் தனியாக நிற்கிறது, எடுத்தால் அவர் மட்டும்தான் போவார். வழி தெரியாமல் கேட்கவில்லை சாமி, எனக்குக் கை வரவில்லை. கார்த்திகையில் நீ அங்கிருந்தபடியே இந்தக் கம்ப்யூட்டருக்குள் வந்து ஏதோ சரி செய்தாயே, திரையில் அம்பு தானாக நகர்ந்தது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதம் கிடைத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அதுபோல வா. நான் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன், நீ அந்தப் பெயரை எடு. அப்பா போன அன்றைக்கு உனக்கு விமானம் கிடைத்து நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்காவது என்கூட இரு.

உன் அம்மா
சென்னம்மாள்