பீரோ மெஷினுக்கு எந்தத் தேதி போடறது, மாமா?

அன்பு மாமா,

நீங்க கண்ணை மூடின பிறகு உங்க மேல கோவம் வந்து எழுதறேன். கோவமா, குழப்பமான்னு கூடத் தெரியல.

காலேஜ்ல கழிச்சுக் கட்டின மினி கம்ப்யூட்டரைப் புளி லாரியில போட்டு மலை மேல கொண்டாந்தீங்களே, அதனாலதான். பீரோ உசரம் நிக்குது, பேரு மட்டும் மினி! நீங்க இல்லாம என் அக்கா இந்த மலையில தனியா இருக்க வேணாம்னு, கீழ ஆலங்காயத்துல என் வூட்டுக்குக் கூப்பிட்டேன். வர்றேன்னுட்டா. மெஷின் ஓடினா அதே காலேஜ் காட்சிக்கு வெச்சுக்குமாம். ஓடலைன்னா பழைய இரும்புதான். நீங்க உசுரையே வெச்சிருந்த சாமானை எடைக்குப் போட எனக்கு மனசு வரல.

ஆனா ஸ்டார்ட் ஆவணுமே! பம்பு மோட்டார் பிரிக்கிற என் கை இதுகிட்ட இன்னா பண்ணும்? அதோட சொந்த டிஸ்க் கெட்டப்போ வேற கம்பெனி டிஸ்க்கை மாட்டினீங்க. அதை மெஷினுக்கு அடையாளமே தெரியாது, முதல்ல ஃபிளாப்பி போட்டு அறிமுகம் செஞ்சு வைக்கணும்னு சொல்லுவீங்க. போட்டேன். கரகரன்னு படிச்சுட்டு, டிஸ்க்கே இல்லைன்னு திரையில எழுதுச்சு. காதுகிட்ட விர்ருன்னு சுத்துது, இல்லையாம்! எல்லாத்தையும் அணைச்சுத் திரும்பத் திரும்பப் போட்டேன், அதே பதில். பைத்தியம் புடிக்காத குறை.

அக்கா அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்தா. "இன்னாடா, ரெண்டு சுவிட்சையும் ஒண்ணாப் போடற? அவரு டிஸ்க் சுவிட்சை மட்டும் போட்டுட்டு வந்து டீ குடிப்பாரு. டம்ளரைக் கீழ வெச்சப்புறந்தான் மெஷினைப் போடுவாரு."

"டீக்கும் இதுக்கும் இன்னாக்கா சம்பந்தம்?"

"எனக்கு இன்னா தெரியும்? குடிச்சிட்டுப் போடு."

குடிச்சிட்டுப் போட்டேன். ஓடிடுச்சு மாமா! டிஸ்க் முழு வேகம் புடிக்க அவ்ளோ நேரம் ஆவும் போல. அதுக்குள்ள தேடினா மெஷின் இல்லைன்னுதான் சொல்லும்.

அடுத்து தேதி கேட்டுச்சு. இன்னிக்குத் தேதியைக் குடுத்தா வருஷம் தப்புங்குது. இவ்ளோ காலம் ஓடும்னு செஞ்சவங்களே நெனைக்கல போல. "அவரு ஏதாவது பழைய வருஷம் போடுவாரு"ன்னு சொல்லி அக்காவே ஒண்ணைத் தட்டினா. ஏத்துக்கிச்சு. உங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷம் அது.

திரையையே பார்த்துட்டு நின்னா. "இந்த வருஷத்துல அவரு இருக்காரு, இல்லடா?"ன்னு கேட்டா.

நான் இன்னா சொல்றது? ஆமான்னா பொய்யா? இல்லைன்னு சொல்ல வாய் வருமா?

மெஷினை எடுக்கக் காலேஜ் வண்டி நாளைக்கு மலை ஏறணும். அக்கா மூட்டை கட்டறதை நிறுத்திட்டா, மெஷினை அணைக்கவும் விடல. "வண்டி வேணாம்னு சொல்லிடு, நான் எங்கயும் வரல"ங்கறா. ஓட வெச்சுத் தப்புப் பண்ணிட்டேனா மாமா? ஓடாமலே இருந்திருந்தா அழுதுட்டாவது என்கூட வந்திருப்பாளா? ஒண்ணும் புரியல.

வண்டி வேணாம்னு சொல்லிட்டேன். கரண்டு போய் மெஷின் நின்னா நானே பஸ் ஏறி வந்து ஓட வெச்சுக் குடுக்கறேன். ஆனா ஒரு நாள் அவ பக்கத்துல உக்காந்து, இது இன்னா வருஷம்னு நான்தான் சொல்லியாவணும். சொல்றேன் மாமா, சத்தியமா. இன்னிக்கு மட்டும் வேணாம்.

உங்க மச்சான்,
சேகர்