கீழ்க் கண்ணாடியில் விரல்

மாசி 3, ஞாயிறு

காலமை பனி, பிறகு சுள்ளெண்ட வெயில். உடுப்புத் தோய்ச்சது. கமரா துடைச்சது.

தெருவிலை படம் பிடிக்க, எனக்கு நானே:

– தூரத்தை முதலே பத்து அடியிலை வை. ஆளைக் கண்டபிறகு திருகினால் ஆள் உசார்.
– கமரா வயித்தோடை. குனிஞ்சு பாக்கேக்கை ஏதோ பழுது பாக்கிறமாதிரி.
– ஆராவது "என்னையும் பிடியுங்கோ" எண்டு விறைச்சு நிண்டால் பொய்க் கிளிக். கமராவிலை ரெண்டு கண்ணாடி: மேலது பாக்க மட்டும், பிடிக்கிறது கீழதுதான். கீழதை விரலாலை மூடிப்போட்டு அமத்து. சத்தம் கேட்டால் போவினம். பிலிமிலை வெளிச்சம் விழாது, மிச்சம்.

அறைக் கூட்டாளி ராசன்: "உது கோழிக் கள்ளன்ரை வேலையடாப்பா." விசரன். சிரிப்பு வந்திட்டுது.

மாசி 6, புதன்

கந்தோர் வேலை விட்டு முரசுமோட்டைச் சந்தி. நெல்லு லொறி. மூட்டை ஏத்தின வேலாயுதம் என்னைக் கண்டிட்டார். வடமராட்சியாலை வந்து காணி எடுத்த கமக்காரன்.

"தம்பி, என்னையும் ஒண்டு பிடியுங்கோவன். பிறந்ததுக்கு ஒரு படமில்லை."

சால்வையாலை முகம் துடைச்சு, பொத்தான் எல்லாம் பூட்டி, மரக்கட்டை மாதிரி நிண்டார். பொய்க் கிளிக்.

"விழுந்திட்டுதோ?"

"ஓமோம், அந்தமாதிரி விழுந்திட்டுது!"

பூரிச்சுப்போய்த் திரும்பி மூட்டையைத் தூக்கினார். அப்பதான் உண்மையாப் பிடிச்சன். முதுகு, வேர்வை, பக்க வெயில். எனக்கு நிலத்திலை கால் இல்லை.

மாசி 15, வெள்ளி

சவர்க்காரம் முடிஞ்சுது, வாங்கவேணும். வவுனியாவாலை கழுவின படங்கள் வந்திட்டுது. முதுகுப் படம் அருமை. கந்தோரிலை எல்லாருக்கும் காட்டினன்.

ராசன் பாத்து, ஆரெண்டு கேட்டுப்போட்டு: "உந்த மனுசன் நேற்றுச் செத்துப்போச்சு. வயலிலை பாம்பு."

ஐயோ.

மாசி 24, ஞாயிறு

வேலாயுதத்தின்ரை மனுசி பாக்கியம் அக்கா வந்தவா. செத்தவீட்டுத் துடக்கு எண்டு உள்ளை வரேல்லை, படலையடியிலை நிண்டா. துடக்கோடை வெளிக்கிட்டு வந்திருக்கிறா.

"தம்பி, முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிக்கு வைக்க அவரின்ரை படமில்லை. நீங்கள் பிடிச்சனீங்கள் எண்டு சாகுமட்டும் அதே கதை. கடைசி கைக்குழந்தை. நாளைக்கு அப்பா எப்பிடியிருந்தவர் எண்டு கேட்டால் எதைக் காட்ட?"

முதுகுப் படத்தைக் குடுத்தன். முன்னுக்குப் பிடிச்சது பழுதாப்போச்சு எண்டன். நாக்குக் கூசேல்லை.

அவா எனக்கு ஆறுதல் சொல்லுறா: "பரவாயில்லைத் தம்பி. உங்கடை பிலிமும் வீணாப்போச்சு."

மானங்கெட்ட பிறவி நான். சோத்தைத் தள்ளிவைச்சன். ராசன் என்னெண்டு கேக்க அவனிலை பாய்ஞ்சன்.

மாசி 25, திங்கள்

தூறல். கந்தோருக்குப் போகேல்லை. சைக்கிளிலை அவா வீட்டை.

விரல் வைச்சதைச் சொன்னன். பிலிம் மிச்சம் பிடிக்க எண்டதையும் சொன்னன். அழேல்லை அவா. திட்டியிருக்கலாம், செருப்பாலை அடிச்சிருக்கலாம்.

உள்ளை போய் முதுகுப் படத்தை எடுத்துவந்தா.

"இதையெண்டாலும் அவருக்குச் சொல்லிட்டோ பிடிச்சனீங்கள்?"

இல்லை எண்டன்.

படத்தை என்ரை கையிலை வைச்சிட்டு உள்ளை போயிட்டா.