காலை ஆறு மணிக்கு ஓர் எண்

2025 ஜூலை 7, திங்கள்

இன்றும் தாமதம். ஆறு மணி ஷிஃப்டுக்கு 6.32க்குத்தான் உள்ளே போக முடிந்தது.

ஐந்தே முக்காலுக்கே லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். வைஃபை கோடுகள் நான்கும் முழுதாகத் தெரிகின்றன, ஆனால் இண்டர்நெட் இல்லை. முகவரி தேடுகிறேன் என்று திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் மஞ்சள் முக்கோணம். அதே நேரம், அதே வைஃபையில், அப்பா போனில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். எரிச்சலாக வந்தது. என் போன் நெட்டில் இணைத்துப் பார்த்தால் வீட்டுக்குள் ஒரு கோடுதான். ஆபீஸ் லேப்டாப் அதை ஏற்கவே இல்லை.

எங்களுக்கு ஆறு மணி என்றால், நான் சாட்டில் பதில் சொல்லும் ஃபர்னிச்சர் கடைக்கு, ஆஸ்திரேலியாவில், பத்தரை மணி. இன்று முதலில் வந்த பெண்மணிக்கு சோபா வந்திருக்கிறது, அதன் கால் ஒன்று வரவில்லை. அரை மணி நேரம் காத்திருந்தார். கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

6.25.

ஜூலை 10, வியாழன்

பிரத்யுஷா மேம் கூப்பிட்டார். பீளமேடு ஆபீஸில் இருக்கும் எங்கள் டீம் லீடர். சத்தம் போட்டுப் பேசவே மாட்டார்.

"ரித்திகா, அலாரம் வெக்கறீங்கதானே?" என்று ஆரம்பித்தார். "ஜூன்ல பதினோரு நாள் லேட்டுங்க. இந்த மாசம் இதுவரைக்கும் ஆறு. முப்பத்தொண்ணாந் தேதி உங்க ப்ரொபேஷன் முடியுது. இன்னும் ரெண்டு தடவை லேட்டானா, உங்களை கன்ஃபர்ம் பண்ணச் சொல்லி என்னால எழுத முடியாதுங்க."

மூன்று முறை "சாரி மேம்" சொன்னேன். காரணம் சொல்லவில்லை. நெட் வரவில்லை என்பது எல்லோரும் சொல்கிற பொய். நான் சொன்னாலும் பொய்யாகத்தான் கேட்கும்.

இன்னும் இரண்டு.

இந்த வேலை போனால் திருப்பூரில் மாமாவின் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜை எனக்காகக் காத்திருக்கிறது. அம்மா அங்கே பதினாறு வருடம் நின்றாள். அவள் கால் நரம்புகளைப் பார்த்துத்தான் நான் காலேஜுக்கே போனேன். எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் டிகிரி வாங்கிய ஆள் நான் ஒருத்திதான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஐந்து மணிக்கே எழுந்து லேப்டாப்பைத் திறந்தேன். ஒரே நொடியில் நெட் வந்தது! ஆறு மணிக்கு நான்தான் டீமில் முதல் ஆள். அப்படியானால் இத்தனை நாளும் தப்பு என் தூக்கத்தில்தானா?

ஜூலை 14, திங்கள்

இல்லை. தூக்கம் இல்லை.

ஐந்து மணிக்கே உள்ளே இருந்தேன். காற்று ஆளைத் தூக்குகிற மாதிரி அடிக்கிறது. 5.52க்குக் கரண்ட் போய், இரண்டே நிமிடத்தில் வந்தது. ரௌட்டர் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையானதும் அப்பா போனில் செய்தி தொடர்ந்தது. என் லேப்டாப்பில் மஞ்சள் முக்கோணம். உள்ளே போகும்போது 6.41.

இன்னும் ஒன்று.

மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும், நெட் இணைப்பு கொடுத்த சிக்கந்தருக்குப் போன் செய்தேன். அவிநாசியில் இருந்துகொண்டே எங்கள் ரௌட்டருக்குள் எட்டிப் பார்க்க அவரால் முடியும். பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏங்க மேடம், உங்க ஊட்டுல தினமும் காலைல விசேசமுங்களா?"

"ஏனுங்க?"

"ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் ரௌட்டர் ஒரு நம்பர் குடுக்குமுங்க. அந்த நம்பர் இருந்தாத்தான் நெட்டு. ஊட்டுக்கு இருபது நம்பர் எதேஷ்டம்னு நான்தான் வெச்சுட்டு வந்தேன். ஒருக்கா குடுத்தா ஒரு மணி நேரத்துக்கு அந்தப் போனுக்குத்தான். காலைல அஞ்சரைக்கு மேல பாத்தா இருபதும் ஃபுல்லுங்க. நீங்க இருபத்தோராவது ஆளா வந்து நிக்கறீங்க."

எங்கள் வீட்டில் மூன்று பேர். மாடு ஒன்று. அதனிடம் போன் இல்லை.

சிக்கந்தர் சிரித்தார். ரௌட்டர் பக்கத்தை நானே திறந்து பார்க்கும் வழியையும் சொல்லிக் கொடுத்தார்.

ஜூலை 15, செவ்வாய்

ஐந்து மணிக்கே உள்ளே. ரௌட்டர் பக்கத்தை ஓரமாகத் திறந்து வைத்துக்கொண்டேன். 5.30க்கு நான்கு பெயர்கள். பிறகு ஒன்பது. பதினைந்து. 5.48க்கு இருபது. பெரும்பாலும் போன் கம்பெனிப் பெயர்கள். நடுவில் ஒன்று மட்டும் "ஆறுச்சாமி".

தலையை நிமிர்த்தி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே பால் சொசைட்டி. கேனை வரிசையில் வைத்துவிட்டு அத்தனை பேரும் சுவரோரம் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொசைட்டிச் செயலாளர் ஆறுச்சாமி மாமாவும்தான்.

மூன்று மணிக்கு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று போனேன். எங்கள் பாலை அம்மாதான் ஊற்றுவாள். ஆம்பிளைகள் நிற்கிற இடம் என்று நான் அந்தப் பக்கமே போனதில்லை. சுவரில் கரும்பலகை. அன்றைய தேதி, பாலின் கொழுப்பு அளவு. அதன் கீழே கொட்டை எழுத்தில்:

"வைஃபை — அங்கப்பண்ணன் ஊடு"

என் அப்பா பெயர். அதற்கும் கீழே எங்கள் பாஸ்வேர்ட். அழிந்துபோன ஓர் எழுத்தை யாரோ அக்கறையாக மறுபடி அழுத்தி எழுதியிருக்கிறார்கள்.

அப்பாவிடம் கேட்டேன். "ஆறுச்சாமி கேட்டாப்ல கண்ணு. எப்படி இல்லைங்கறது? நெட்டுத்தானே, தீந்தா போயிரும்?"

தீர்ந்துதான் போகிறது அப்பா. தினமும் காலை 5.48க்குத் தீர்ந்து போகிறது. சொல்லவில்லை. எனக்கு ஏன் எதையுமே அந்த நேரத்தில் சொல்ல வருவதில்லை?

வேறொரு பயமும் இருக்கிறது. வேலையில் சேரும்போது ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். "எனது வீட்டு இணையத்தைக் குடும்பத்தினர் மட்டுமே பயன்படுத்துகிறார்கள்." ஊரே பயன்படுத்துகிறது என்று தெரிந்தால் தாமதத்துக்காக இல்லை, பொய்க்காகவே அனுப்பிவிடுவார்கள்.

சாயங்காலம் யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கிற, ரௌட்டரின் ஃபயர்வால் பக்கத்தில் போய் நான்கே நான்கை அனுமதித்தேன். என் லேப்டாப், எங்கள் மூன்று பேர் போன்கள். மற்ற எல்லாம் தடை. யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. அதுதான் பெரிய நிம்மதி.

ஜூலை 16, புதன்

5.40க்கு எழுந்து 5.55க்கு உள்ளே. ரௌட்டர் பக்கத்தில் நான்கு பெயர்கள் மட்டும். அழகாக இருந்தது.

ஆறு பத்துக்கு வெளியே சத்தம். முதலில் போனில் நெட் வராதவர்கள் என்று நினைத்து ஜன்னலை மெல்லச் சாத்தினேன். பிறகு ஆறுச்சாமி மாமாவே வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க அங்கப்பண்ணா, நெட்டு போச்சாட்ட இருக்குதுங்க. டெஸ்ட் மிஷின் வேலை செய்யலீங்க. துண்டுச்சீட்டு வரலைன்னா பாலை ஊத்த முடியாதுங்க. ஏழு மணிக்கு வண்டி வந்துருமுங்க."

பால் சோதிக்கிற மிஷின். சொசைட்டியின் சொந்த இணைப்பு கெட்டதிலிருந்து அதுவும் எங்கள் வைஃபையில்தான் ஓடியிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? பட்டியலில் அதற்குப் பெயரே இல்லை, வெறும் எழுத்தும் எண்ணுமாக இருந்தது.

அப்பா வாசலில் நின்றே சிக்கந்தருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில். பத்துப் பேர் சுற்றி நின்றார்கள்.

"லைன் நல்லாத்தானுங்க இருக்குது. உங்க ஊட்டுலதான் யாரோ பூட்டு போட்டிருக்காங்க. உங்க பாப்பாவக் கேளுங்க."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அவர்களும் பார்த்தார்கள். சாட்டில் ஒருவர் கட்டில் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் என்று எழுதிவிட்டு ரௌட்டர் பக்கத்துக்குப் போய், அந்தப் பெயரில்லாத மிஷினை மட்டும் திறந்துவிட்டேன். எதிரே மிஷின் கீச்சென்று சீட்டுத் துப்பும் சத்தம் கேட்டது. வண்டி வருவதற்குள் எல்லோரும் ஊற்றி முடித்துவிட்டார்கள். ஒரு கேன்கூடத் திரும்பவில்லை.

மூன்று மணி வரைக்கும் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. மில்லுக்குக் கிளம்பும் நேரத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். ஷிஃப்ட் முடிந்து எழுந்ததும், "ஏங்கண்ணு, ஊர்ச்சனம் நம்மூட்டு வாசல்ல வந்து நிக்குது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்றார்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதினோரு நாள், ஆறு நாள், இன்னும் ஒண்ணே ஒண்ணுதாம்ப்பா பாக்கி, அந்தப் படிவம், எல்லாம். என்ன பேசினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை.

அப்பா தலையைக் குனிந்தபடி, "நான்தான் உன்ற வேலைக்கு உலை வெச்சுப்போட்டேனா?" என்றார். பிறகு எழுந்தார். "இப்பவே போயி அந்தப் பலகைய அழிச்சுப்போட்டு வாரேன்."

"வேண்டாம்ப்பா. அவங்களுக்குத் தனியா வழி இருக்கும். நான் கண்டுபிடிக்கறேன்."

"அப்படின்னா நீயே வந்து சொல்லு. எனக்கு இந்த நம்பரு கிம்பரெல்லாம் சொல்லத் தெரியாது."

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. 5.55. மிஷினுக்கு நெட் உண்டு, மனிதர்களுக்கு இல்லை. ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன். அம்மாவிடம் வரிசையில் கேட்டார்களாம்: "ஏன் ராசாத்தாக்கா, உன்ற புள்ள நெட்டுக்குத் திண்டுக்கல் பூட்டு வாங்கிப் போட்டிருக்குதாமா?" அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஜூலை 19, சனி

விடுமுறை. நாள் முழுக்க ரௌட்டரோடுதான். விருந்தினருக்கென்று தனி வைஃபை ஒன்று அதற்குள்ளேயே சும்மா கிடந்திருக்கிறது. அதை எழுப்பினேன். அதற்கென்று தனியாக ஐம்பது எண்கள், அரை மணி நேரம்தான் செல்லும். அந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டுப் பக்கம் எதுவும் தெரியாதபடி ஃபயர்வாலில் நடுச்சுவர். மிஷினுக்கும் அந்தப் பக்கமே, நிரந்தரமாக ஓர் எண். என் லேப்டாப்புக்கு இந்தப் பக்கம் ஓர் எண். கரண்ட் போய் வந்தாலும் வேறு யாருக்கும் போகாது. வீட்டுப் பாஸ்வேர்டை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நான்கு முறை ரௌட்டரை அணைத்துப் போட்டேன். நான்கு முறையும் எனக்கு அதே எண். ஐந்தாவது முறை வெறும் ஆசைக்காக.

சிக்கந்தரிடம் சொன்னேன். "மேடம், நீங்க எங்க கடைக்கு வந்துருங்க" என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

சொசைட்டிக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். முதலில் அதை எழுதிக்கொள்கிறேன்.

ஐந்தே முக்கால். அப்பா கூட வந்தார், ஆனால் பேசுவதில்லை என்று முன்பே சொல்லிவிட்டார். இருபத்து நான்கு பேர் இருந்தார்கள். எண்ணினேன். நான் தொண்டையைச் செருமியதும் அத்தனை பேரும் போனிலிருந்து நிமிர்ந்தார்கள். போனில்தான் ஒன்றும் வரவில்லையே.

"ஏனுங்க..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

சிவப்புக் கேன் வைத்திருந்த அக்கா, "பேசு அம்மணி, பேசு. நீ ஊமையாக்குமுன்னு இத்தனை நாளா நெனச்சுட்டிருந்தேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதன்பிறகு வந்துவிட்டது.

மொத்தமே இருபது எண்கள்தான் இருந்தன, ஆறு மணிக்கு எனக்கு ஒன்று கிடைக்காமல் வேலை போகப் பார்த்தது, சொல்லாமல் பூட்டியது என் தப்பு, மிஷின் நின்றதற்கு மன்னிச்சுக்குங்க என்றேன். இனி மிஷினுக்கு ஓர் எண் நிரந்தரம், உங்களுக்கெல்லாம் தனி வைஃபை என்றேன். ஆறுச்சாமி மாமா பலகையிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மணி, இத்தன நாளும் நாங்க படம் பாத்ததுல உன்ற வேலைக்கு ஆபத்துங்களா? ஒரு சத்தம் உட்டிருந்தா நிறுத்தியிருப்பமுல்லொ?"

மாமா தன்னை அறியாமல் எனக்கு மரியாதையாக 'ங்க' போட்டார். எதற்கு என்று தெரியவில்லை. சாக்பீஸ் கேட்டேன். பழைய பாஸ்வேர்டை அழித்து, புதியதை நானே எழுதினேன். என் கையெழுத்து சின்னது என்று அந்த அக்கா குறை சொன்னார். பெரிதாக எழுதினேன். பிறகு மிஷினை இணைத்தேன், ஒவ்வொருவர் போனையும் வாங்கி இணைத்துக் கொடுத்தேன். ஒருவர் போனில் ஆயிரத்துச் சொச்சம் காலை வணக்கப் படங்கள்.

வீட்டுக்கு வந்து வீட்டுப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

ஜூலை 21, திங்கள்

5.40க்குத்தான் எழுந்தேன். 5.54க்கு உள்ளே. நடுவில் கரண்ட் ஒரு தரம் போய் வந்தது. எனக்கு அதே எண்.

ஜூலை 24, வியாழன்

பிரத்யுஷா மேமிடம் சொல்லிவிட்டேன். அவர் கேட்கவில்லை. நானாகவே கூப்பிட்டேன். பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். சொசைட்டி, பலகை, மிஷின், நடுச்சுவர். படிவத்தில் நான் போட்ட கையெழுத்து உண்மையில்லை என்பதையும் படித்தேன். அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

படித்து முடித்ததும் மேம் கேட்டார்.

"போர்டுல எழுதி வெச்சிருந்தாங்களா?"

"ஆமாங்க மேம். சாக்பீஸ்ல."

சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு, "இப்ப ஆபீஸ் லேப்டாப் இருக்கற பக்கம் உங்க ஊட்டு ஆளுங்க மட்டும்தானே?" என்றார்.

"ஆமாங்க."

"அப்ப படிவம் இன்னைக்குத்தான் சரியாயிருக்குது. இப்ப இருக்கறத ஒரு மெயில்ல எழுதி அனுப்புங்க, செக்யூரிட்டி டீம் பாத்துக்கும். லேட்டப் பத்தி நான் மேலிடத்துல பேசறேன். ஆனா ரித்திகா, ரெண்டு மாசமா சாரி மட்டும் சொல்லிட்டு இருந்தீங்களே. ஏங்க?"

அதற்குத் தாளில் பதில் எழுதி வைத்திருக்கவில்லை. "தெரியலீங்க மேம்" என்றேன். அது உண்மை.

என்ன முடிவு வரும் என்று அவர் சொல்லவில்லை. இருந்தாலும் மத்தியானம் படுத்ததும் தூங்கிவிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

ஆறே காலுக்கு டீம் மீட்டிங். பதினோரு பேர். பிரத்யுஷா மேம் இந்த மாதம் நிரந்தரமானவர்களின் பெயரைப் படித்தார். லாஸ்யா. சபரீஷ். அப்புறம் தண்ணீர் குடித்தார். அந்த நேரம் பார்த்து ஆறுச்சாமி மாமா ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஏனுங்க அம்மணி, என்ற போனுல நெட்டு சுத்திக்கிட்டே இருக்குதுங்க. செத்த பாத்துக் குடுங்க."

"இப்ப முடியாதுங்க மாமா. வேலையில இருக்கறேன். மூணு மணிக்கு மேல வாங்க."

"செரிங்க" என்று போய்விட்டார். கோபமாகத் தெரியவில்லை.

திரும்பினால் திரையில் பத்துப் பேரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மைக் திறந்தே இருந்திருக்கிறது.

"மூணாவது பேரு ரித்திகா" என்றார் மேம். "வேலையில இருக்கறாங்களாமா."